காலம் திருப்பப்பட்டது

குடியிருப்பு ஒதுக்கீட்டு வாரியத்தில் ஒரே வருடம் ஒன்பதாவது முறையாக நடந்துகொண்டிருந்தது. இதனால் உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை. அவர்களுடைய சம்பளமும் பதவி உயர்வும் வெளியே ஓடும் வருடத்தின்படி ஒழுங்காக வந்தன. மக்கள் கொடுத்த மனுக்கள் மட்டும் உள்ளே ஓடும் வருடத்தின்படி நகர்ந்தன. சரியாகச் சொன்னால், நகராமல் இருந்தன. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் பொட்டிக்காரர்.

பொட்டிக்காரர் என்பது வாரியம் அவருக்கு வைத்த பெயர். கம்ப்யூட்டர் என்கிற பொட்டி எந்த மேசையில் முரண்டு பிடித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருந்தவர், அதனால் யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனிதர். கெடுதலை நினைக்காமலேயே செய்துவிட முடியும் என்பது அவருக்கு நாற்பத்தாறாவது வயதில்தான் விளங்கியது.

எட்டு வருடத்துக்கு முன்னால் வாரியத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. வாரியத்தின் சாப்ட்வேரோ அரதப் பழசு. வீடு கேட்டு மனு போட்டவர் யார், என்றைக்குப் போட்டார், எந்தத் தளத்தில் வீடு வேண்டும் என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. மாதம் ஒருமுறை, யார் யார் எவ்வளவு காலம் காத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, ஐந்து வருடம் முடித்தவர்களின் பட்டியலை அச்சடித்துக் கொடுக்கும். படியேற முடியாதவர்களுக்குத் தரைத்தள வீடு உண்டு, ஆனால் அதற்கும் அதே ஐந்து வருடம்தான். கால் சரியில்லை என்பதற்காக ஒருவர் வரிசையைத் தாண்டிப் போகக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருந்தது.

புதுக் கம்ப்யூட்டரில் அந்தச் சாப்ட்வேர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வேறு வாங்கலாம் என்றால் அதற்கு ஒரு குழு வேண்டும். அந்தக் குழுவில் யார் யார் இருப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு ஏற்கெனவே கூடிக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளர் பொட்டிக்காரரைக் கூப்பிட்டு, எப்படியாவது ஓட்டிக் காட்டுங்கள் என்றார்.

ஓட்டிக் காட்டினார். வேலையில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பது போல நடிக்க வைக்க முடியும். அதற்கான வசதி புதுக் கம்ப்யூட்டரின் சில்லுக்குள்ளேயே உண்டு, ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பூட்டியே வரும். அது தெரியாமல் முதலில் ஓட்டியபோது, ஒரு பெயரைத் தேடச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் தேடிக்கொண்டே இருந்தது. பிறகு, கம்ப்யூட்டர் முழுதாக விழித்துக்கொள்ளும் முன்பே ஒரு விசையை அழுத்தி, அதன் அடிப்படை அமைப்புக்குள் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டார். பழைய சாப்ட்வேர், தான் தன்னுடைய பழைய பொட்டியில்தான் இருக்கிறோம் என்று நம்பித் துள்ளி ஓடியது. சுற்றறிக்கையில் இதற்கு 'மெய்நிகர் கணினி' என்று பெயர். ஊழியர்கள் பொட்டிக்குள் பொட்டி என்றார்கள். அந்த உள் பொட்டிக்கு நாம் என்ன தேதி சொல்கிறோமோ அதுதான் தேதி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வருடக் கடைசியில், எதற்கும் பார்த்து வைப்போமே என்று உள்ளே தேதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் பார்த்தார். திரை முழுக்க ஒரு கட்டம் வந்து நின்றது. உரிமக் காலம் முடிந்துவிட்டது, விற்றவரை அணுகவும் என்று இருபது வரிக்குக் குறையாமல் மிரட்டல். விற்றவரைத் தேடிப் போனார். அந்த முகவரியில் வண்ண மீன் கடை இருந்தது. மீன்கள் அவரைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. திரும்பி வந்து தேதியைப் பின்னால் தள்ளினார், சாப்ட்வேர் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. டிசம்பர் முப்பத்தொன்று மாலை நான்கு மணிக்கு, அதே வருடத்தின் ஜனவரி ஒன்றாம் தேதிக்குத் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஒரு மாதத்துக்குத்தான் சார், தற்காலிக ஏற்பாடு என்று கண்காணிப்பாளரிடம் சொன்னார். கண்காணிப்பாளர் உடனே 'தற்காலிக ஏற்பாடு' என்று ஒரு கோப்பு திறந்தார். வாரியத்தில் ஒரு விஷயத்துக்குக் கோப்பு திறந்துவிட்டால் பிறகு அது பரம்பரைச் சொத்து.

அடுத்த வருடக் கடைசியில் மறுபடியும் திருப்ப வேண்டி வந்தது. கண்காணிப்பாளர் பக்கத்தில் நின்று, பதிவேட்டில் 'காலம் திருப்பப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கடுத்த வருடம் இரண்டு சாட்சிகள் வந்தார்கள். ஐந்தாவது முறை வாரியத் தலைவரே வந்தார். டீயும் பிஸ்கட்டும் உண்டு. காலம் யாருக்காகவும் நிற்காது என்பார்கள், நம் வாரியத்துக்காக நின்றிருக்கிறது என்று தலைவர் பேச, எல்லாரும் கை தட்டினார்கள். பொட்டிக்காரர் குனிந்து விசையை அழுத்தினார்.

சில்லறைச் சங்கடங்கள் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மனு வாங்கக் கூடாது என்பது சாப்ட்வேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் உள்ளே நடப்பது பழைய வருடத்து ஞாயிறு. அதனால் இரண்டாம் வருடம் திங்கட்கிழமைகளில் கவுன்ட்டரை மூடினார்கள், மூன்றாம் வருடம் செவ்வாய்க்கிழமைகளில் மூடினார்கள், வாரம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி இப்போது மறுபடி புதன்கிழமைக்கு வந்திருந்தார்கள். இன்னும் சில வருடத்தில் நிஜ ஞாயிற்றுக்கே வந்துவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ளவும் என்று வாசலில் ஓர் அட்டை தொங்கியது.

ஜூலையில் மனு போட்டவர் அடுத்த மார்ச்சில் வந்து கேட்டால் காத்திருப்பு 'மைனஸ் நான்கு மாதம்' என்று திரை காட்டியது. கவுன்ட்டரில் இருந்த அம்மா பொய் சொல்லத் தெரியாதவர். இருப்பதை இருக்கிறபடி வாசித்துச் சொல்வார்: "நீங்க இன்னும் மனுவே போடலைங்க. ஜூலைலதான் வந்து போடப்போறீங்க. போட்டுட்டு வாங்க, பார்க்கலாம்." மைனஸில் இருப்பவர்கள் வாரியத்துக்குக் காத்திருப்பு பாக்கி வைத்திருப்பவர்கள், அவர்களைக் கனிவுடன் நடத்தவும் என்று பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது.

முதல் வருடத்தோடு, ஐந்து வருடம் முடித்தவர்கள் எல்லாரும் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு யாருக்குமே ஐந்து வருடம் முடியவில்லை. மாதாமாதம் பட்டியலில் 'தகுதியானவர் எவரும் இல்லை' என்று ஒரே ஒரு வரி வந்தது. இந்த ஒரு வரிக்காக மாதாமாதம் எழுந்து வந்து கையெழுத்துப் போடுவானேன் என்று, கண்காணிப்பாளர் ஒரு கட்டு வெள்ளைத் தாளில் முன்கூட்டியே கையெழுத்தும் முத்திரையும் போட்டுப் பிரிண்டருக்குள் வைத்துவிட்டார். அச்சாகி வருவதைப் பியூன் எடுத்துப் போய் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். ஒட்டுகிற அவரே அதை வாசித்து ஏழு வருடமாகிறது.

இதற்கிடையில் காலியான தரைத்தள வீடுகள் நாற்பத்தொன்று சேர்ந்துவிட்டன. கேட்க ஆளில்லாத வீடுகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். வாரியம் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர்களைப் போட்டுவைக்க இடமில்லாமல் இருந்தது, அவற்றுக்கு ஒரு வீட்டை ஒதுக்கினார்கள். ஒருநாள் பழைய விசைப்பலகை ஒன்றைத் தேடிப் பொட்டிக்காரர் அங்கே போனார். நல்ல வீடு. தெருவிலிருந்து உள்ளே போக ஒரு படிகூட இல்லை. ஜன்னலோரம் வெயில் விழும் இடத்தில் பதினெட்டு மானிட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவர் விசைப்பலகையை எடுக்காமலேயே கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஏன் என்று சொல்ல அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொட்டிக்காரரின் அக்காவும் அத்தானும் நாலாவது மாடியில் குடியிருந்தார்கள். லிப்ட் கிடையாது, அறுபத்துநாலு படி. அத்தான் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். முதுகுத்தண்டில் நோய் வந்து இடுப்புக்குக் கீழே விழுந்துவிட்டது. வாயும் கையும் மட்டும் பழையபடி. பொட்டிக்குள் பொட்டி வந்த அதே வருடம், ஜூலை மாதம், தரைத்தள வீடு கேட்டு அத்தான் பேரில் அக்கா மனு போட்டாள்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொட்டிக்காரர்தான் அத்தானை முதுகில் உப்பு மூட்டையாகத் தூக்கி இறக்குவார், தூக்கி ஏற்றுவார். தூக்குகிறவன் சங்கடப்படக் கூடாதே என்று அத்தான் வழிநெடுக கண்டக்டர் வேலை பார்த்துக்கொண்டு வருவார். "மூணாவது மாடி. இறங்குறவங்க எல்லாம் இறங்கியாச்சா? படியில நிக்காதீங்க. போலாம் ரைட்." குழந்தைகள் கதவைத் திறந்து வேடிக்கை பார்க்கும். பொட்டிக்காரரும் சிரிப்பார். சிரிக்கும்போது முதுகிலிருக்கும் கனம் இன்னும் கொஞ்சம் கூடும். எடை அத்தானுடையது, கனம் வேறு என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

அக்கா வருடத்துக்கு இரண்டு தடவை கவுன்ட்டருக்குப் போய் வருவாள். ஜூலைக்கு முன்னால் போனால், நீங்கள் இன்னும் மனு போடவில்லை. ஜூலைக்குப் பின்னால் போனால், இப்போதுதானே போட்டிருக்கிறீர்கள். ஒருநாள் தம்பியிடம் வந்து, எனக்குத்தான் கணக்குத் தெரியலையாடா, ஆறு வருஷமாச்சுன்னு நெனச்சேனே என்று கேட்டாள். கம்ப்யூட்டர்ல அப்படித்தான்க்கா காட்டுது என்றார். பொய் இல்லை. கம்ப்யூட்டரில் அப்படித்தான் காட்டியது. அக்கா, நீ பார்த்துச் சொன்னா சரிதான் என்று காபி போடப் போய்விட்டாள். அந்தக் காபியை அவர் ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

அவரிடமும் ஒரு சமாதானம் இருந்தது, இல்லாவிட்டால் மனுஷன் எட்டு வருடம் ஓட்டியிருக்க முடியாது. தேதியை முன்னால் விட்டால் சாப்ட்வேர் செத்துவிடும்; செத்துவிட்டால் அத்தனை பேருடைய மனுவும் அதோடு போய்விடும்; நின்றுபோன வரிசை, இல்லாமல் போன வரிசையைவிட மேல். இதைத் தினம் காலையில் பல் தேய்க்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

ஒன்பதாவது முறை ஓடிய பிப்ரவரியில் வாரியத்துக்கு 'தேக்கமில்லா நிர்வாக விருது' கிடைத்தது. விழாவுக்கு ஊழியர்கள் குடும்பத்தையும் அழைத்து வரலாம் என்றார்கள். தம்பிக்கும் ஒரு பரிசு உண்டு என்று கேள்விப்பட்டு அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"அஞ்சு வருஷத்துக்கு மேல காத்திருக்கிறவங்க எங்க வாரியத்துல ஒருத்தர்கூட இல்ல. இருந்தா காட்டுங்க பார்க்கலாம். வீடு குடுத்துக் காத்திருப்பைக் குறைக்கிறது பெரிய விஷயமா? அதை யார் வேணும்னாலும் செய்யலாம். நாங்க வீடே குடுக்காம குறைச்சிருக்கோம். நிர்வாகம்னா இதுதான்."

கூட்டம் கை தட்டியது. காட்டுங்கள் என்று தலைவர் கேட்ட ஆள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பொட்டிக்காரரை மேடைக்குக் கூப்பிட்டு, காலத்தை நிர்வகித்த சேவைக்காக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அவருக்கு அப்படியே மேடை இரண்டாகப் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அக்கா அந்தக் கடிகாரத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், தன் வீட்டில், அத்தான் படுத்திருக்கும் கட்டிலுக்கு எதிரே மாட்டினாள். தம்பி சம்பாதித்தது என்று அக்கம்பக்கத்தவர்களுக்குக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவரால் சோறு தின்ன முடியவில்லை. மார்ச் மாதத்தில் ஒருநாள், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், பொட்டிக்குள் பொட்டியை அப்படியே ஒரு நகல் எடுத்தார். செத்தால் நகல்தானே சாகும். அதை அவர் எட்டு வருடத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம் என்பது நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. நகலில் அன்றைய நிஜத் தேதியைப் போட்டார். அதே கட்டம், அதே மிரட்டல் வந்தது. இந்த முறை மூடாமல் முதல் வரியிலிருந்து நிதானமாக வாசித்தார். இருபத்துநாலு வரி இருந்தது.

பழைய திரைக்கு இருபத்தைந்து வரி என்பது அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரைத் தொட்ட எல்லாருக்கும் தெரியும். அவர் ஒரு நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். உள் பொட்டி, புதுக் கம்ப்யூட்டரின் திரையில் ஒரு சன்னலுக்குள்தான் ஓடியது; அந்தச் சன்னல் கீழ்ப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்ததால், திரையின் அடியில் இருக்கும் பட்டை அதன் கடைசி வரியை மறைத்துக்கொண்டிருந்தது. சன்னலைப் பிடித்து ஒரு விரல் அளவு மேலே தூக்கினார். இருபத்தைந்தாவது வரி தெரிந்தது. தொடர, என்டரை அழுத்தவும்.

அழுத்தினார். கட்டம் மறைந்தது. சாப்ட்வேர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அத்தானின் பெயரைத் தேடினார். காத்திருப்பு: ஏழு வருடம் எட்டு மாதம். நகலை மூடிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து, மறுபடி மூடினார். அதுவரை அவரிடம் ஒரு சமாதானமாவது இருந்தது. இப்போது குற்றம் மட்டும்தான் மிச்சம்.

நேராகக் கண்காணிப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். தப்பு என்னுடையது, ஒரே ஒரு விசை, அழுத்தினால் இன்றைக்கே சரியாகிவிடும் என்றார். கண்காணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். விருது வாங்கின தப்பு எங்கேயாவது உண்டா என்று கேட்டார். இருந்தாலும் உங்கள் மனசு உறுத்துகிறது என்றால் முறைப்படி எழுதிக் கொடுங்கள், பதிவு செய்து குழுவுக்கு அனுப்பலாம் என்றார். பொட்டிக்காரர் எழுதிக் கொடுத்தார். கவுன்ட்டர் அம்மா அதைப் பதிவு செய்யப் பார்த்து, முடியாமல் இருவரையும் கூப்பிட்டார். தவறு நடந்த தேதி என்ற இடத்தில் டிசம்பர் முப்பத்தொன்று என்று போட்டால் பொட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கே இப்போது மார்ச்.

"நான்தான் சொன்னேனே," என்றார் கண்காணிப்பாளர். "நீங்க இன்னும் எந்தத் தப்பும் பண்ணலை. டிசம்பர் முப்பத்தொன்னு வரட்டும். அன்னிக்குத் திருப்பினதும் வந்து ஒத்துக்குங்க."

"திருப்பினதும் ஜனவரி ஒன்னு ஆயிடுமே சார்."

"அப்பவும் இன்னும் பண்ணலைன்னுதானே அர்த்தம்?" என்று கண்காணிப்பாளர் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாசமும் அதுதான், மறந்துவிடாதீர்கள் என்று அன்பாகச் சேர்த்துச் சொன்னார். பொட்டிக்காரர் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். அழுத்த வேண்டிய விசை ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தது. அழுத்தவில்லை. அன்றைக்கும் அழுத்தவில்லை, மறுநாளும் அழுத்தவில்லை. பயந்தாங்கொள்ளி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

புதன்கிழமை அத்தானுக்கு ஆஸ்பத்திரி நாள். அக்கா விடியும்போதே போய் அங்கே வரிசையில் இடம் பிடித்திருந்தாள். பொட்டிக்காரர் அத்தானை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். அத்தான் மூன்றாவது மாடியை அறிவித்தார். இரண்டாவது மாடித் திருப்பம் வந்ததும், "ரெண்டாவது மாடி, இறங்குறவங்க இறங்கலாம், போலாம் ரைட்" என்றார். பொட்டிக்காரர் போகவில்லை. ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"அத்தான், உங்களுக்கு வீடு வராததுக்குக் காரணம் நான்தான்."

பிறகு முழுதும் சொன்னார். தேதியைத் திருப்பியது, மீன் கடை, மறைந்திருந்த இருபத்தைந்தாவது வரி, ஏழு வருடம் எட்டு மாதம், எதையும் விடவில்லை. அத்தானின் முகம் அவருக்குத் தெரியவில்லை. பின்கழுத்தில் மூச்சு மட்டும் பட்டுக்கொண்டிருந்தது. கழுத்தைக் கட்டியிருந்த கைகள் இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. கீழே யாரோ தண்ணீர்க் குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது.

"கீழ இறக்கி விட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்ல மாப்பிள்ளை," என்றார் அத்தான் கடைசியில். "இப்ப உன்மேல கோவிச்சுக்கிட்டு நான் எங்க போறது?"

பொட்டிக்காரர் அவரை ஒருமுறை மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டார். நிஜப் பொட்டியில் அந்த என்டரை அழுத்தினாயா என்று அத்தான் கேட்டார். இல்லை என்றார். ஏன் என்று கேட்டார். வேலை போயிடும்னு என்றார். சொன்ன பிறகு அந்த வார்த்தை எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவருக்கே கூசியது.

"வண்டியை உன் ஆபீசுக்கு விடு," என்றார் அத்தான்.

புதன்கிழமை, அதாவது பொட்டிக்குள் ஞாயிறு. கவுன்ட்டர் மூடியிருந்தது. கண்காணிப்பாளர் இருக்கையில் இல்லை. முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு வருகிறவரை எந்த விதியின்படி தடுப்பது என்று வாசலில் இருந்தவருக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் அறையில் உருளும் ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது, அதில் அத்தானை வைத்தால் சரிந்துவிடுவார். அதனால் முதுகிலேயே வைத்துக்கொண்டு, மேசையில் முழங்கையை ஊன்றிக் குனிந்து, பொட்டிக்காரர் வேலை செய்தார். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்தார். நிஜத் தேதியைப் போட்டார். கட்டம் வந்தது. சன்னலை ஒரு விரல் அளவு மேலே தூக்கினார். அந்தக் கடைசி வரியை அத்தான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒருமுறை வாசித்தார்.

பொட்டிக்காரரின் விரல் விசை வரைக்கும் போய் நின்றுவிட்டது. அவர் தோளைத் தாண்டி இன்னொரு கை வந்தது. முப்பது வருடம் டிக்கெட் கிழித்த கை. அது என்டரை அழுத்தியது. "போலாம்," என்றார் அத்தான். ரைட் சொல்லவில்லை.

பட்டியலை அச்சடிக்கச் சொன்னதும் பிரிண்டர் ஆரம்பித்தது, நிறுத்தவில்லை. கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த கட்டின் கடைசித் தாளில்தான் பட்டியல் முடிந்தது. பியூன் வந்தார், பழக்க தோஷத்தில் வாசிக்காமல் அள்ளிக்கொண்டு போனார், பலகையில் இடம் போதாமல் சுவர் நெடுக ஒட்டினார். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். முன் அனுமதியின்றிக் காலத்தை முன்னோக்கி நகர்த்தியது ஒழுங்கீனம் என்று பொட்டிக்காரரின் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். பட்டியலை ரத்து செய்யத்தான் முடியவில்லை. கையெழுத்துப் போட்டது நானில்லை என்று கண்காணிப்பாளரால் சொல்ல முடியவில்லை, வாசிக்காமல் போட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. தரைத்தளம் கேட்டவர்களில் அத்தான் இருபத்தொன்பதாவது ஆள். பதினெட்டு மானிட்டர்கள் இருந்த வீடுதான் அவருக்கு வந்தது. வாரியம் விருதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது பழைய வருடத்துக்குக் கொடுத்தது என்று தலைவர் விளக்கம் சொன்னார்.

ஆனால் அன்றைக்கு வெளியே வரும்போது சுவரோரம் சின்னக் கூட்டம் சேர்ந்திருந்தது. யாரோ ஒரு பெண், கையில் காய்கறிப் பையோடு, தரைத்தளப் பட்டியலின் முதல் பெயரில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் நின்றவர், உங்க வீட்டு ஆளா, முதல் பேரே வந்திருக்கே என்று சந்தோஷமாகக் கேட்டார்.

"எங்க அப்பா," என்றாள். "அவர் போய் மூணு வருஷமாச்சு. மாடியை விட்டு இறங்கவே இல்ல, கடைசி வரைக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. விவரம் கேட்டார்கள், சொன்னாள். விரலை எடுத்துவிட்டு, பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பொட்டிக்காரர் அவள் பின்னாலேயே நாலு அடி போனார். பிறகு நின்றுவிட்டார். முதுகில் அத்தான் இருந்ததால் உட்கார்ந்து அழக்கூட வழியில்லை.

ஆஸ்பத்திரி நேரம் முடிந்துவிட்டிருந்தது. வீட்டுக்கே திரும்பினார்கள். அறுபத்துநாலு படி ஏறும்போது அத்தான் ஒரு மாடியையும் அறிவிக்கவில்லை. மூன்றாவது மாடிக் குழந்தைகள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அறிவிப்பு ஒன்றும் வராததால் மூடிக்கொண்டன. மேலே அக்கா வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"எங்கடா போனீங்க ரெண்டு பேரும்? காலைல அஞ்சு மணிக்குப் போய் நின்னேன். ஒரு மனுஷி எவ்வளவு நேரம்தான் காத்திருக்கிறது?"

பொட்டிக்காரர் அத்தானைக் கட்டிலில் இறக்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு அக்காவிடம், எட்டு வருடத்தையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இரண்டாவது முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தார், இல்லை. அத்தான் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடு வரப்போகிறது என்பதையும் சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அவள் தம்பியைப் பார்க்கவில்லை, கட்டிலுக்கு எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். "நாளைக்கு வா, பேசலாம்," என்றாள். "இப்ப அந்தக் கடிகாரத்தைக் கழட்டிக்கிட்டுப் போ."

அவர் நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினார். சுவரில் ஆணி மட்டும் நின்றது. கடிகாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகில் யாரும் இல்லாமல், அறுபத்துநாலு படியும் இறங்கினார். தெருவுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தார். கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டியது.